உருகியும் சுற்றுடைப்பானும்: சப்ரகமுவத் தோட்டங்களில் மின்காவலின் வரலாறு



வரலாறு என்றவுடன் மன்னர்களும் போர்களும் நம் நினைவுக்கு வருதல் இயல்பு. ஆயினும், வீட்டுச் சுவரில் மாட்டப்பட்டிருக்கும் ஒரு சிறு பலகைக்கும் வரலாறு உண்டு. இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தோட்டங்களிலே, பழைய பங்களாக்களிலும் உத்தியோகத்தர் விடுதிகளிலும் லயங்களிலும், வாசலுக்கு மேலே புகை படிந்த மரப்பலகை ஒன்றையும், அதன்மீது வெண்பீங்கானாலான பியூஸ் கட்டைகள் இரண்டு மூன்றையும் இன்றும் காணலாம். அவற்றைக் கழற்றிவிட்டுப் புதிய சுற்றுடைப்பான்களைப் பொருத்துவதா, அன்றி இத்தனை காலம் உழைத்தவற்றை அவ்வாறே விட்டுவிடுவதா என்னும் கேள்வி பல குடும்பங்களில் எழுகிறது. பெரும்பாலும் இது செலவைப் பற்றிய கேள்வியாகவே பேசப்படுகிறது. உண்மையில் இஃது உயிரைப் பற்றிய கேள்வியாகும். இதற்குத் தக்க விடை காண வேண்டுமாயின், அந்தப் பலகை நம் சுவருக்கு வந்து சேர்ந்த வழியை முதலில் அறிதல் வேண்டும்.

இலங்கையில் மின்சாரம் முதலில் வணிகரின் கையிலேயே இருந்தது. 1895ஆம் ஆண்டில் பூஸ்தெட் சகோதரர்கள் என்னும் நிறுவனத்தார் கொழும்புக் கோட்டைப் பகுதியில் சிறியதொரு மின்னிலையத்தை நிறுவினர். மலைநாட்டில், நானுஓயாவுக்கும் நுவரெலியாவுக்கும் இடையே பிளாக்பூல் என்னுமிடத்தில், 1912ஆம் ஆண்டில் ஒரு நீர்மின்னிலையம் எழுந்து நுவரெலியா நகருக்கு ஒளி தந்தது. அதனை அமைத்த பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர அவர்கள். இந்நாட்டின் அருவிகளைக் கொண்டு நாடு முழுவதற்கும் மின்சாரம் வழங்க இயலும் என்பதை 1918ஆம் ஆண்டில் இலங்கைப் பொறியியற் சங்கத்தின் முன் கணக்கிட்டுக் காட்டியவரும் அவரே. பின்னர் 1931ஆம் ஆண்டில் அரசாங்க சபைக்கு அவரைத் தெரிவு செய்து அனுப்பிய தொகுதி இரத்தினபுரி என்பது நம் மாகாணத்தவர் நினைவிற் கொள்ளத்தக்கது. தொடங்குவதும் நிற்பதுமாகப் பல ஆண்டுகள் இழுபட்ட இலக்சபானத் திட்டம் 1950ஆம் ஆண்டிலேயே மின்சாரம் வழங்கத் தொடங்கிற்று. மூன்று ஆண்டுகளின் பின், 1953இல், விமலசுரேந்திர காலமானார்.

இலக்சபானையில் சில்லுகளைச் சுழற்றிய நீர் அதன்பின் எங்கே சென்றது என்பதையும் எண்ணிப் பாருங்கள். கித்துல்கலையையும் எட்டியாந்தோட்டையையும் கடந்து, கேகாலைத் தோட்டங்களின் காலடியிலே களனி கங்கையாக ஓடிக் கடலைச் சேர்ந்தது. ஆற்றின் கரையில் இருந்த லயங்களில் அப்போது எரிந்தவை மண்ணெண்ணெய்க் குப்பி விளக்குகளே. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் தோட்டத் தொழிலாளரிற் பெரும்பாலானோர் நாடற்றவராகி, அடுத்த ஆண்டில் வாக்குரிமையையும் இழந்திருந்த காலம் அது. வாக்கில்லாதவன் வீட்டுக்கு விளக்கு வேண்டும் என்று சபையில் எழுந்து கேட்பவர் யார்?

தோட்டங்களுக்கு மின்சாரம் தெரியாததன்று. தேசிய மின்வலையமைப்பு வருவதற்கு வெகுகாலம் முன்பே, மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் ஓடைகளை மறித்து, குழாய் வழியே நீரை இறக்கி, சிறு விசையாழிகளைச் சுழற்றிய நிலையங்கள் நூற்றுக்கணக்கில் இருந்தன. நீர் வளம் குன்றிய இடங்களில் எண்ணெய் இயந்திரங்கள் அப்பணியைச் செய்தன. எனினும் மின்சாரம் சென்ற வரிசை எங்கும் ஒன்றேயாக இருந்தது. முதலில் தொழிலாளர் ‘ஸ்டோர்’ என்று அழைக்கும் தேயிலைத் தொழிற்சாலை. அடுத்துத் துரையின் பங்களா. அதன்பின் உத்தியோகத்தர் விடுதிகள். எல்லாவற்றுக்கும் கடைசியில் லயம். 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992ஆம் ஆண்டில் அவற்றின் நிருவாகம் மீண்டும் கம்பனிகளிடம் கைமாறிற்று. அதன் பின்னரே மின்சாரத்தைக் கண்ட லயங்கள் பல.

இவ்வரிசை வெறும் பழங்கதையன்று. எந்த வீட்டில் எவ்வகை வயர் இருக்கிறது என்பதை இதுவே தீர்மானிக்கிறது. முதலில் மின்சாரம் பெற்ற பங்களாக்களில் றப்பர் உறையிட்டு, அதன்மேல் பருத்தி நூல் பின்னிய பழைய வயரும், மரச்சட்டத்துள் ஓடும் வயரும் எஞ்சியிருத்தல் கூடும். இந்த மாவட்டங்களின் மரங்களில் வடிக்கப்படும் அதே றப்பர்தான், பீ.வீ.சீ. உறைகள் பரவும் வரையில், உலகெங்கும் வீட்டு வயர்களுக்குச் சட்டையாக இருந்தது. ஆண்டுகள் செல்லச் செல்ல அந்த றப்பர் வறண்டு வெடித்து, தொட்டால் உதிரும் நிலையை அடைகிறது. பிந்தி மின்சாரம் பெற்ற லயங்களில் பீ.வீ.சீ. வயரே உண்டு, ஆனால் அது ஓர் அறைக்கு ஒன்றிரண்டு மின்குமிழ்கள் எரிந்தாற் போதும் என்ற கணக்கில் இழுக்கப்பட்டது. ஆக, ஓரிடத்தில் வயருக்கு முதுமை. மற்றோரிடத்தில் வயருக்குச் சக்திக்கு மிஞ்சிய சுமை.

இனி, பியூஸின் வரலாற்றுக்கு வருவோம். நம் பாடநூல்கள் இதனை உருகி என்று அழைக்கின்றன. தொழிலை அப்படியே சொல்லும் நல்ல பெயர். அமெரிக்க நாட்டின் தோமஸ் அல்வா எடிசன் மின்விளக்குகளை ஊருக்கு வழங்கத் திட்டமிட்ட காலத்திலேயே, கம்பிகள் சூடேறித் தீப்பிடிக்கும் அபாயத்தை உணர்ந்தார். 1880ஆம் ஆண்டில் அவர் பெற்ற காப்புரிமைகளுள் ஒன்று இந்த உருகியைப் பற்றியது. தத்துவம் மிக எளிது. மின்சாரம் செல்லும் பாதையில் ஓரிடத்தை மட்டும் வேண்டுமென்றே மெலிந்த கம்பியாக வைத்துவிட வேண்டும். அளவுக்கு மிஞ்சிய மின்னோட்டம் பாய்ந்தால், அந்த மெலிந்த கம்பி முதலில் உருகி அறுந்து, எஞ்சிய வயரைக் காப்பாற்றும்.

உருகியைக் குறைவாக மதிப்பிடுவது நீதியாகாது. அதில் அசையும் உறுப்பு இல்லை. துருப்பிடித்து இறுகிப் போவதற்கு எதுவுமில்லை. இன்றும் மின்மாற்றி ஏற்றிய கம்பங்களிலே காவல் நிற்பவை உருகிகளே. வீட்டு உருகியின் குறை பொருளில் இல்லை. அதை மீண்டும் கட்டும் கையில் இருக்கிறது. 5 அம்பியர்க் கட்டைக்கு 5 அம்பியர்க் கம்பியையே கட்ட வேண்டும். இரவிலே விளக்கு அணைந்துவிட்டது. பிள்ளைக்கு மறுநாள் பரீட்சை. கடையோ நான்கு மைல் தூரத்தில். அப்போது கைக்கு அகப்படும் செப்புக் கம்பியை இரண்டு மூன்று இழையாக முறுக்கிக் கட்டிவிடுகிறார்கள். விளக்கு எரிகிறது. ஆனால் அன்றிரவு முதல் அந்த வீட்டில் காவற்காரன் இல்லை. அடுத்த முறை அளவு மிஞ்சும்போது உருகப் போவது பியூஸ் அன்று. கூரைக்குள் மறைந்து ஓடும் வயரே.

இதைக் கணக்கிட்டுப் பார்ப்போம். நம் நாட்டு வீட்டு மின்னழுத்தம் 230 வோல்ற்று. 60 வாற்று மின்குமிழ் ஒன்று ஏறக்குறையக் கால் அம்பியர் மின்னோட்டத்தையே இழுக்கும். நான்கு குமிழ்கள் எரிந்தாலும் ஓர் அம்பியர்தான். இன்று அதே அறையில் 2,000 வாற்று மின்கேத்தல், 1,000 வாற்று மின்னழுத்தி, 700 வாற்று ரைஸ் குக்கர் ஆகியன ஒரே வேளையில் இயங்குமாயின், 16 அம்பியருக்கு மேல் பாயும். பீலியில் தண்ணீர் எடுத்து, விறகடுப்பில் சமைத்து, விடிவதற்குள் பிரட்டுக்கு ஓட வேண்டியிருந்த பெண்ணுக்கு இந்தக் கருவிகள் ஆடம்பரமல்ல. கிடைத்த அரைமணி நேர ஓய்வு. அவற்றை வேண்டாம் என்று சொல்லும் உரிமை எவருக்கும் இல்லை. ஆனால் குமிழ்களுக்காக இழுத்த வயர் அவற்றைத் தாங்காது என்பதைச் சொல்லாதிருத்தலும் தவறு. மேலும், கையாற் கம்பி கட்டும் 5 அம்பியர் உருகி ஐந்தில் உருகுவதில்லை. ஏறக்குறைய பத்து அம்பியர் வரையில் அது பொறுத்துக்கொண்டிருக்கும். அந்தப் பொறுமைக்கு விலை கொடுப்பது வயரின் உறைதான்.

உருகியின் இக்குறையை நீக்கப் பிறந்ததே சுற்றுடைப்பான், பேச்சுவழக்கில் பிரேக்கர். ஜெர்மனியின் மன்னைம் நகரத்தைச் சேர்ந்த ஹியூகோ ஸ்டொட்ஸ் அவர்களின் நிறுவனத்தில் 1924ஆம் ஆண்டில் இன்றைய சிறு சுற்றுடைப்பானின் மூலவடிவம் உருவாயிற்று. அதற்குள் இரண்டு காவலர் உளர். இருவேறு உலோகங்களை ஒட்டிச் செய்த தகடு ஒருவர். மின்னோட்டம் சிறிது மிஞ்சி நெடுநேரம் பாய்ந்தால், அத்தகடு சூடேறி வளைந்து இணைப்பைத் துண்டிக்கும். சிறிய மின்காந்தம் மற்றவர். இரு கம்பிகள் ஒன்றோடொன்று முட்டிப் பெருமின்னோட்டம் பாய்ந்தால், அது கணப்பொழுதில் இணைப்பை இழுத்து விடுவிக்கும். தன் அளவின் ஒன்றரை மடங்கை எட்டுமுன்னரே, ஒரு மணி நேரத்துக்குள் துண்டித்தாக வேண்டும் என்பது இவற்றுக்கு விதிக்கப்பட்ட நியமம். விழுந்த பிடியை மேலே தள்ளினால் மீண்டும் இயங்கும். கம்பி கட்டத் தேவையில்லை. ஆகவே தடித்த கம்பியைக் கட்டும் ஆசைக்கு இடமுமில்லை.

இங்கேதான் பலரும் நின்றுவிடுகின்றனர். பழைய கட்டையைக் கழற்றினோம், புதிய பிரேக்கரைப் போட்டோம், வீடு பத்திரமாயிற்று என்று எண்ணுகின்றனர். அவ்வெண்ணம் சரியன்று என்பதற்கு இரண்டு காரணங்கள் உண்டு.

முதலாவது, சுற்றுடைப்பான் வயரின் அளவுக்கு ஏற்றதாக இருத்தல் வேண்டும். 5 அம்பியர் உருகி இருந்த மெலிந்த வயரில் 32 அம்பியர் பிரேக்கரை மாட்டுவது, தடித்த கம்பியைக் கட்டியதற்குச் சமானமே. பார்வைக்கு மட்டும் அது நாகரிகமாக இருக்கும். உதிர்ந்துபோன றப்பர் வயரிலோ எந்தப் பிரேக்கரைப் போட்டும் முழுப்பயன் இல்லை. வெப்பமானியை மாற்றுவதால் காய்ச்சல் இறங்குவதில்லை அன்றோ?

இரண்டாவது காரணமே பெரியது. உருகியும் சுற்றுடைப்பானும் வயரைக் காப்பவை. மனிதனைக் காப்பதற்கென்று செய்யப்பட்டவை அல்ல. மின்சாரம் ஒரு மில்லியம்பியர் அளவில் உடலிற் பாய்ந்தால் உணர்வு தட்டும். பத்து மில்லியம்பியர் அளவில் பிடித்த கை விடாமல் இறுகும். முப்பதைத் தாண்டிச் சற்று நேரம் பாய்ந்தால் இதயத்தின் ஒழுங்கு குலையக்கூடும். 5 அம்பியர் என்பது ஐயாயிரம் மில்லியம்பியர். ஆகவே ஒரு மனிதன் இறந்து விழும் வரையிலும் உருகி உருகாது, பிரேக்கரும் விழாது.

மனிதனைக் காக்கும் கருவி வேறு ஓரிடத்திற் பிறந்தது. தென்னாபிரிக்காவின் தங்கச் சுரங்கங்களில், நிலத்தின் ஆழத்தே, ஈரத்தில் நின்று உழைத்த தொழிலாளர் மின்தாக்கத்தால் மாண்டனர். அதைத் தடுப்பதற்காக 1950களின் நடுப்பகுதியில் ஹென்றி ரூபின் என்னும் பொறியியலாளர் நுண்ணுணர்வுடைய மின்கசிவுக் காவற்கருவியை உருவாக்கினார். அமெரிக்காவில், மனித உடல் எவ்வளவு மின்னோட்டத்தைத் தாங்கும் என்பதைப் பல்லாண்டு ஆராய்ந்த சாள்ஸ் டல்சியல் 1960களின் தொடக்கத்தில் இதையொத்த கருவியை அமைத்தார். உயிர்க்கம்பியிற் சென்ற மின்சாரமும் நொதுமற் கம்பியில் திரும்பிய மின்சாரமும் சமமா என்று இது இடையறாது பார்த்துக்கொண்டிருக்கிறது. இரண்டுக்கும் இடையே முப்பது மில்லியம்பியர் வேறுபட்டால், அந்த மீதி யாரோ ஒருவரின் உடல் வழியாகவோ ஈரச்சுவர் வழியாகவோ நிலத்துக்குக் கசிகிறது என்று அறிந்து, நொடியின் சிறு பின்னத்துக்குள் துண்டித்துவிடும். பாடநூல் இதனை மீதியோட்டச் சுற்றுடைப்பான் என்கிறது. மக்கள் ட்ரிப் சுவிச்சு என்கின்றனர். ஈரத்தில் உழைத்தவருக்காகப் பிறந்த கருவி, மழை ஓயாத இரத்தினபுரிக்கும் கேகாலைக்கும் பொருந்துவதில் வியப்பில்லை.

நம் நாட்டில் இதன் தேவை ஏன் மிகுதி என்பதற்கு நிலமே சாட்சி. இங்கு ஒவ்வொரு வீடும் தனக்கெனப் புவித்தொடுப்புக் கம்பியை, அதாவது எர்த்தை, தன் முற்றத்திலேயே பதித்துக்கொள்கிறது. அந்தக் கோல் பதிந்த மண்ணின் தடை 46 ஓம் என்று வைத்துக்கொள்வோம். கேத்தலின் உலோக உடலை உயிர்க்கம்பி தொட்டுவிட்டால், 230ஐ 46ஆற் பிரித்து, 5 அம்பியரே நிலத்துக்குப் பாயும். 5 அம்பியர் உருகி அதற்கு உருகாது. 16 அம்பியர் பிரேக்கர் அதற்கு அசையாது. கேத்தலோ கொல்லும் மின்னழுத்தத்துடன் குசினியில் அமைதியாக வீற்றிருக்கும். கல் நிறைந்த நிலத்தில் தடை 230 ஓம் ஆனால் பாய்வது ஓர் அம்பியர் மட்டுமே. ட்ரிப் சுவிச்சுக்கு அந்த ஓர் அம்பியரும் தன் எல்லையைப் போல் முப்பது மடங்குக்கு மேல், உடனே விழுந்துவிடும்.

ஆதலின் பழைய வீட்டார் கேட்க வேண்டியது, உருகியா சுற்றுடைப்பானா என்ற ஒரு கேள்வியை மட்டுமன்று. அவர்கள் வரிசையாகச் செய்ய வேண்டியவை நான்கு உண்டு. முதலில், தேசிய தொழிற்றகைமைச் சான்றிதழ் பெற்ற மின்னியலாளர் ஒருவரைக் கொண்டு, இணைப்பைத் துண்டித்தபின் வயரின் உறையை 500 வோல்ற்று மெகர் கருவியாற் சோதித்தல் வேண்டும்; ஒரு மெகோமுக்குக் குறைந்த வயரை நம்பலாகாது. றப்பர் வயராயின் சோதனைக்கும் காத்திராது முற்றாக மாற்றுவதே நன்று. இரண்டாவதாக, எர்த் இருக்கிறதா, அது குதைகள் வரையில் வந்து சேர்கிறதா என்று பார்த்தல் வேண்டும். மூன்றாவதாக, ட்ரிப் சுவிச்சு. நான்காவதாகவே, வயரின் தடிப்புக்கு அளவான சிறு சுற்றுடைப்பான்கள்.

கையிலுள்ள பணம் ஏதேனும் ஒன்றுக்கே போதுமாயின் என் விடை தெளிவானது. ட்ரிப் சுவிச்சையும் எர்த்தையும் முதலில் செய்யுங்கள். சரியான கம்பி கட்டிய பியூஸ் இன்னும் சில காலம் இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் ட்ரிப் சுவிச்சு மட்டும் இருந்து, பியூஸும் பிரேக்கரும் இல்லாதிருத்தலும் ஆகாது. மிகைச்சுமையை அது அறியாது. அதிலுள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒரு முறை அழுத்திப் பார்த்தல் வேண்டும். சித்திரையிலும் ஐப்பசியிலும் இடிமுழக்கத்தோடு அது அடிக்கடி விழுகிறது என்று சினந்து, அதைத் தாண்டி வயரைக் குறுக்கே இணைத்துவிடுவோர் உளர். குரைக்கிறது என்பதற்காக நாயைக் கட்டிப்போட்டுவிட்டுக் கதவைத் திறந்து உறங்குவதை ஒத்தது அச்செயல். மழையோ இடியோ இல்லாத வேளையிலும் விழுமாயின், எங்கோ கசிவு உண்டு. அதைத் தேடுவதே முறை.

இறுதியாக, இதைத் தீர்மானிப்பவர் யார் என்ற கேள்வி எஞ்சுகிறது. தனி வீட்டுக்காரர் தம் பணப்பையைப் பார்த்து முடிவு செய்யலாம். லயத்தில் வாழ்பவருக்கு அது இயலாது. வீடு அவருடையதன்று; கூரை பலருக்கும் பொதுவானது. ஓர் அறையில் பிடித்த தீ, அடுத்த அறையின் கதவைத் தட்டி அனுமதி கேட்பதில்லை. ஒரு காம்பராவின் வயர் இரவல் வயராக மறு காம்பராவுக்கு இழுக்கப்பட்டிருந்தால், ஒருவர் செய்த காவல் மற்றவரால் வீணாகிறது. எனவே லயத்தின் மின்காவல் லயம் முழுவதற்கும் ஒருசேரச் செய்யப்பட வேண்டியது. அதைச் செய்யும் பொறுப்பு கட்டடத்தின் உரிமையாளருக்கு உண்டு. அதைக் கேட்கும் கடமை குடியிருப்போருக்கு உண்டு.

கேட்டால் நடக்குமா என்று ஐயுற வேண்டாம். 1990களில் மின்வலையமைப்பு எட்டாத சப்ரகமுவ மலைக் கிராமங்களில், மக்கள் சங்கமாகக் கூடி, ஓடை நீரைக் கொண்டு தாமே சிறு மின்னிலையங்களை நடத்தினர். கூடிப் பேசினால் விளக்கையே வரவழைக்கலாம் என்பதற்கு அது சான்று. விளக்கோடு வரும் அபாயத்தை விலக்குவது அதனினும் அரிதன்று. தொழிற்சங்கக் கூட்டத்திலும், பாடசாலைப் பெற்றார் கூட்டத்திலும், கோவில் திருவிழாவுக்கு மின்விளக்கு கட்டுமுன் நடைபெறும் கூட்டத்திலும், எங்கள் லயத்து வயர் எந்த ஆண்டில் போடப்பட்டது, எர்த் எங்கே பதிக்கப்பட்டது, ட்ரிப் சுவிச்சு உண்டா என்ற மூன்று வினாக்களை எழுப்புங்கள். விடையை எழுத்திற் பெறுங்கள்.

ஆறு நம் மலையில் ஓடியும் ஒளி நமக்குக் கடைசியாகவே வந்தது. காவலும் அவ்வாறு கடைசியாக வர வேண்டும் என்ற விதி எதுவும் இல்லை.